இரண்டு வருஷமா, எழுபது வருஷமா?

வேத பாடம்: எரேமியா 28, 29, 32 அதிகாரங்கள்



2025-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தை நம்மில் அநேகர் மறந்திருக்க மாட்டோம். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஒருவர், செப்டம்பர் 23, 24 தேதிகளில் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று சொன்ன செய்தி உலகமெங்கும் கைபேசிகளில் சுற்றி வந்தது. நம்ம ஓசூர் பக்கமும் வந்தது. அந்த நாட்களில் ஒரு காலை, சிப்காட்டில் வேலை செய்கிற ஒரு சகோதரர் நைட் ஷிஃப்ட் முடித்து, சட்டையில் ஆயில் வாசனையோடு நேரே என் வீட்டுக்கு வந்தார்.

“பாஸ்டர், பாகலூர் ரோட்டுல இருக்கிற பிளாட்டை வித்துடலாம்னு இருக்கேன். சாயங்காலம் அட்வான்ஸ் குடுக்க ஆள் வராங்க. வேலையையும் எழுதிக் குடுத்துட்டு பி.எஃப். பணத்தை எடுத்து கைப்பிரதி அடிச்சுக் குடுத்துடறேன். கர்த்தர் வரப் போறாரு, எனக்கு எதுக்கு பிளாட்டு? வீட்ல அழுவுறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க.”

அவர் கண்ணில் பொய் இல்லை. பேராசை இல்லை. கர்த்தர் மேல் உள்ள வாஞ்சைதான் இருந்தது. அதனால்தான் நான் பயந்தேன். அவரை உட்கார வைத்து, டீ குடிக்கச் சொல்லிவிட்டு, எரேமியா புஸ்தகத்தைத் திறந்தேன். அன்று அவரோடு தியானித்ததையும், அதற்குப் பின் நான் கற்றுக்கொண்டதையும் இந்தப் பாடத்தில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. இரண்டு வருஷம் என்றவன்

கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ராஜாவாகிய எகொனியாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். தச்சரும் கொல்லரும் என்பதைக் கவனியுங்கள்! கைத்தொழில் தெரிந்தவர்களைத்தான் அவன் முதலில் ஏற்றிக்கொண்டு போனான். பட்டறை எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பிழைக்க வேண்டிய ஜனங்கள் அவர்கள். தர்மபுரியிலும் சேலத்திலும் திருநெல்வேலியிலும் பிறந்து ஓசூரில் வாடகை வீட்டில் இருக்கிற நமக்கு இந்த ஜனங்களின் மனசு புரியும். ஆனாலும் ஒரு வித்தியாசம்: நாம் பஸ் ஏறி வந்தோம், அவர்கள் சிறையாக வந்தார்கள்.

சில வருஷம் கழித்து, சிதேக்கியாவின் நாலாம் வருஷம் ஐந்தாம் மாதத்தில், கிபியோன் ஊரானாகிய அனனியா தேவாலயத்தில் எழும்பினான். இரண்டு வருஷத்துக்குள் ஆலயப் பாத்திரங்களும் சிறைப்பட்ட ஜனங்களும் திரும்பி வருவார்கள் என்று கர்த்தர் பெயரால் சொன்னான் (எரே. 28:1-4). எவ்வளவு இனிப்பான செய்தி! பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அழுதுகொண்டே ஆமென் போட்டிருப்பாள்.

எரேமியா என்ன செய்தார் தெரியுமா? அவரும் ஆமென் சொன்னார்! கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார் (28:6). ஜனங்கள் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. ஆனால் தன் ஆசை வேறு, கர்த்தருடைய வார்த்தை வேறு என்று அவருக்குத் தெரியும். அனனியா எரேமியாவின் கழுத்திலிருந்த மரநுகத்தை எல்லாருக்கும் முன்பாக உடைத்தபோது, எரேமியா சண்டை போடவில்லை. தன் வழியே போய்விட்டார் (28:11). கர்த்தர் பேசும்வரை வாயைத் திறக்காமல் இருந்தார். அதே வருஷம் ஏழாம் மாதத்தில் அனனியா செத்துப்போனான் (28:17). இரண்டு வருஷம் சொன்னவனுக்குக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு மாதம்தான்.

2. எழுபது வருஷம் என்றவர்

எரேமியா பாபிலோனில் இருந்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, எலெயாசா, கெமரியா என்பவர்கள் கையில் கொடுத்தனுப்பினார். அதுதான் 29-ம் அதிகாரம். அதிலுள்ள கட்டளைகள் என்ன? வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் வையுங்கள். கலியாணம் பண்ணுங்கள், பிள்ளைகளுக்கும் பண்ணி வையுங்கள். நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள் (29:5-7). எழுபது வருஷம் நிறைவேறிய பின்பே கர்த்தர் உங்களைச் சந்திப்பார் (29:10).

பிரியமானவர்களே, புது வருஷ வாக்குத்தத்த அட்டையில் நாம் விரும்பி அடிக்கிற வசனம் எது? எரேமியா 29:11. நம்மேல் அவர் நினைத்திருக்கிற நினைவுகளைப் பற்றிய வசனம். எத்தனை வீட்டுக் காலண்டரில் அதைப் பார்த்திருக்கிறோம்! ஆனால் 10-ம் வசனத்தை யாராவது அட்டையில் அடித்ததைப் பார்த்ததுண்டா? எழுபது வருஷத்தை விட்டுவிட்டு, நம்பிக்கையை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறோம். கர்த்தரோ இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். முப்பது வயதில் சிறைப்பட்டுப் போனவன் திரும்பி வரப்போவதில்லை. அவன் பேரன் வருவான். அப்படியிருந்தும் அதைக் கர்த்தர் நம்பிக்கை என்றே அழைத்தார்.

அனனியாவின் செய்தியைக் கேட்டவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலிலே உட்கார்ந்திருப்பான். எரேமியாவின் கடிதத்தைக் கேட்டவன் விதை போட்டிருப்பான். இரண்டு வருஷம் கழித்து யார் வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டிருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

3. நான் எழுதாத பரீட்சை

இதை ஏதோ வேத கல்லூரிப் பாடமாக மட்டும் நான் சொல்லவில்லை. 1999-ல் எனக்கு இருபது வயது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் ‘ஒய்-டூ-கே’ என்ற பேச்சு எங்கும் இருந்தது. பழைய கம்ப்யூட்டர்களில் வருஷத்துக்குக் கடைசி இரண்டு எண்களை மட்டும் வைத்திருந்ததால், 2000 பிறக்கும்போது அவை குழம்பும் என்றார்கள். எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஒரு பிரசங்கியார் அதை அந்திக்கிறிஸ்துவோடு முடிச்சுப் போட்டு, டிசம்பர் 31 தாண்டாது என்று அடித்துச் சொன்னார். நான் நம்பினேன். இறுதிப் பரீட்சைக்குப் பணம் கட்டவில்லை. அப்பா கட்டக் கொடுத்த பணத்தில் கைப்பிரதி வாங்கி விநியோகித்தேன்.

2000 ஜனவரி 1 காலையில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தேன். கம்ப்யூட்டர்காரர்கள் ராப்பகலாக வேலை செய்து பெரும்பாலானவற்றை முன்னமே சரி செய்திருந்தார்கள்; பால் வண்டி வழக்கம்போல் வந்தது. அப்பா திட்டவில்லை. “சாப்பிட்டியாடா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. ஃபிட்டராகப் போக வேண்டியவன், பிறகு சில வருஷம் காண்ட்ராக்டில் ஹெல்பராகப் போனேன். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஏறக்குறைய இரண்டு வருஷம் வருகையைப் பற்றிய எந்தப் பிரசங்கம் கேட்டாலும் என் உள்ளம் கல்லாக இருந்தது. கர்த்தர் பெரிய இரக்கம் செய்து என்னைத் திரும்பக் கொண்டுவந்தார். அந்தப் பிரசங்கியார் ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

4. நமக்கு முன் போனவர்கள்

இது நமக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-ஐக் குறித்தார்கள். ஏமாந்தார்கள். தென்கொரியாவில் டாமி மிஷன் என்ற கூட்டத்தார் 1992 அக்டோபர் 28 நள்ளிரவு என்றார்கள். அநேகர் வேலையை விட்டார்கள், சொத்தை விற்றார்கள். அதன் தலைவரோ 1993-ல் முதிர்வடையும் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தது வெளியே வந்து, மோசடிக்காகச் சிறைக்குப் போனார். 1992-ல் உலகம் முடியும் என்றவர் 1993-க்குப் பணம் போட்டிருக்கிறார்!

நம் பக்கத்திலும் உண்டு. 1860-ல் திருநெல்வேலி சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் நாட்களில் எழுப்புதல் உண்டானது. 1873-ல் திருவிதாங்கூரிலும் அக்கினி இறங்கியது. அந்தத் திருவிதாங்கூர் எழுப்புதலில் முன் நின்றவர்களில் ஒருவர் யுஸ்துஸ் யோசேப்பு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861-ல் குடும்பமாக ஞானஸ்நானம் பெற்று, சி.எம்.எஸ். சபையில் குருவாக இருந்தவர். அருமையான பாடல்களை எழுதியவர். அவரும் அவரோடிருந்தவர்களும் 1875-ல், இன்னும் ஆறு வருஷத்தில் கர்த்தர் வருவார் என்று சொல்லத் துவங்கினார்கள். 1881 வந்தது, போனது. ‘தவறிவிட்டோம்’ என்று சொல்லியிருந்தால் போதும். அப்படிச் சொல்லாமல், வருகை ஆவிக்குரிய விதத்தில் நடந்துவிட்டது என்று சொல்லி, யுயோமயம் என்ற தனி மார்க்கத்தையே உண்டாக்கிவிட்டார்கள். எழுப்புதலில் துவங்கியது எங்கே போய் முடிந்தது பாருங்கள்!

இதற்கு எதிரான ஒரு உதாரணமும் சொல்ல வேண்டும். 2011 மே 21 என்று உலகமெங்கும் விளம்பரப் பலகை வைத்த அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங், தேதி குறித்தது பாவம் என்று 2012 மார்ச்சில் வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது. அந்த வயதில் தாழ்மைப்படுவது சின்ன காரியமல்ல.

5. தீர்க்கதரிசனத்தைச் சோதிக்க மூன்று கேள்விகள்

இதைக் கேட்டு, ‘இனி தீர்க்கதரிசனமே வேண்டாம்’ என்று சொல்லிவிடக்கூடாது. பவுல் தெசலோனிக்கேயருக்கு, தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாமல், எல்லாவற்றையும் சோதித்து நல்லதைப் பிடித்துக்கொள்ளும்படி எழுதினார் (1 தெச. 5:20,21). அவியவும் விடக்கூடாது, சோதிக்காமலும் விடக்கூடாது. ஆகவே கேளுங்கள்:

முதலாவது, இயேசு மூடி வைத்ததை இது திறக்கப் பார்க்கிறதா? அந்த நாளும் நாழிகையும் பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்று அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார் (மத். 24:36). சீஷர்கள் காலத்தைக் கேட்டபோது, அவர் தேதி கொடுக்கவில்லை, வேலை கொடுத்தார் (அப். 1:6-8).

இரண்டாவது, இது என் கடமையிலிருந்து என்னைக் கழற்றி விடுகிறதா? தெசலோனிக்கேயாவில் கர்த்தருடைய நாள் வந்தாயிற்று என்ற பேச்சு பரவியிருந்தது. பவுலோ, ஆவியினாலோ வார்த்தையினாலோ கடிதத்தினாலோ சீக்கிரத்தில் கலங்க வேண்டாம் என்று எழுதி (2 தெச. 2:2), அதே நிருபத்தில் வேலை செய்யாமல் திரிகிறவர்களைக் கண்டித்து, அமைதியாய் உழைத்துத் தங்கள் சொந்த ஆகாரத்தைச் சாப்பிடச் சொன்னார் (3:10-12).

மூன்றாவது, நிறைவேறாமல் போனால் சொன்னவர் ஒத்துக்கொள்வாரா? கர்த்தர் பெயரால் சொன்னது நடவாவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்பது மோசேயின் பிரமாணம் (உபா. 18:22). 2021-ல் தடுப்பூசிதான் 666 முத்திரை என்று சிலர் பயமுறுத்தினார்கள். அதைக் கேட்டு நம் ஜனங்களில் வயதானவர்கள் சிலர் ஊசி போடப் பயந்தார்கள். அதைச் சொன்னவர்களில் எத்தனை பேர் பிற்பாடு வருத்தம் தெரிவித்தார்கள்? நாமே யோசிப்போம்.

6. முற்றுகைக்குள் வாங்கின நிலம்

அந்தச் சகோதரருக்கு நான் கடைசியாக வாசித்துக் காட்டியது எரேமியா 32-ம் அதிகாரம். சிதேக்கியாவின் பத்தாம் வருஷம். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போது கர்த்தர் அவரிடம், ஆனதோத்திலுள்ள உன் தகப்பனுடைய சகோதரன் மகன் அனாமெயேலின் நிலத்தை வாங்கு என்கிறார்! சத்துரு கூடாரம் போட்டிருக்கிற சீமையில் நிலம். எந்தத் தரகராவது சிபாரிசு செய்வாரா? எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, பாரூக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார் (32:9-14). இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்கப்படும் என்பதற்கு அது அடையாளம் (32:15).

ஜனங்கள் திரும்பி வரும் நாளில் தான் உயிரோடு இருக்கமாட்டோம் என்று எரேமியாவுக்குத் தெரியும். ஆனாலும் பத்திரம் எழுதினார். தீர்க்கதரிசனத்தை நிஜமாய் நம்பினவர் நிலத்தை விற்கவில்லை, வாங்கினார்!

சகோதரர் டீயைக் குடிக்கவே இல்லை. “நீங்களும் இப்படிப் பேசறீங்களே பாஸ்டர்” என்று எழுந்து போய்விட்டார். ஆனால் கர்த்தர் கிருபை, அவர் மனைவி கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றதால் அன்று சாயங்காலம் அட்வான்ஸ் வாங்கவில்லை.

7. “வருகையே பொய்யோ?”

செப்டம்பர் 25-ம் தேதி இரவு அவர் திரும்ப வந்தார். தலை குனிந்திருந்தது. “பிளாட்டு தப்பிச்சுது பாஸ்டர். ஆனா எனக்கு இப்ப வருகையே பொய்யோன்னு தோணுது” என்றார். எனக்கு 2000-ம் வருஷம் நினைவு வந்தது. தேதி குறிக்கிறவர்கள் செய்கிற பெரிய தீங்கு இதுதான்: காசு போனால் சம்பாதிக்கலாம், நம்பிக்கை போனால் மனுஷன் எதைப் பிடித்து நிற்பான்?

நான் அவரிடம் கேட்டேன்: “அனனியா பொய் சொன்னதால எரேமியா சொன்னது நடக்காம போச்சா?” இல்லையே! கி.மு. 539-ல் பெர்சிய ராஜாவாகிய கோரேஸ் பாபிலோனைப் பிடித்தான். அடுத்த வருஷம் வாக்கில் யூதர் திரும்பிப் போய் ஆலயம் கட்டக் கட்டளை பிறந்தது (எஸ்றா 1:1-4). முதல் கூட்டம் கி.மு. 605 வாக்கில் சிறைப்பட்டதிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய எழுபது வருஷம். ஆலயம் கி.மு. 586-ல் இடிக்கப்பட்டதிலிருந்து 516-ல் கட்டி முடிக்கப்பட்டது வரை எண்ணினாலும் எழுபது. 1879-ல் பாபிலோன் இடிபாட்டில் கோரேசின் களிமண் உருளை ஒன்று கிடைத்தது. இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் யூதர் பெயர் இல்லை. ஆனால் பிடிபட்ட ஜனங்களை அவரவர் இடத்துக்கு அனுப்பி, கோவில்களைப் புதுப்பித்தது அவன் வழக்கம் என்று அதில் எழுதியிருக்கிறது. கர்த்தர் தம் வார்த்தையை நிறைவேற்ற யாரை எழுப்ப வேண்டுமோ, அவரை எழுப்புகிறார். அல்லேலூயா!

தானியேலைப் பாருங்கள். எரேமியாவின் எழுபது வருஷத்தைப் புஸ்தகங்களில் வாசித்து அறிந்தபோது அவர் நாள் எண்ணி ஊரெல்லாம் அறிவிக்கவில்லை, உபவாசத்தோடும் இரட்டோடும் சாம்பலோடும் தன் பாவத்தையும் ஜனத்தின் பாவத்தையும் அறிக்கை செய்தார் (தானி. 9:2-5). அதே தானியேல்தான் ராஜாவின் உத்தியோகத்தில் குற்றம் காணமுடியாதவராய் இருந்தவர் (6:4). முழங்காலிலும் உண்மை, வேலையிலும் உண்மை. தீர்க்கதரிசனம் ஒரு மனுஷனுக்குள் சரியாக இறங்கினதற்கு அடையாளம் இதுதான்.

8. நாம் எப்படிக் காத்திருப்பது?

கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு காரியம் தெரியும். ஆடிட் தேதி சொல்லிவிட்டால், முந்தின நாள் ராத்திரி தரையைக் கழுவி, மிஷினைத் துடைத்து, எழுதாத ரிஜிஸ்டரை எல்லாம் உட்கார்ந்து எழுதிவிடுவார்கள். தேதி சொல்லாமல் வந்தால்தான் யார் தினமும் உண்மையாய் வேலை செய்தவன் என்று தெரியும். எஜமான் தேதியைச் சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவர் வரும்போது, வேலைக்காரருக்கு ஏற்ற வேளையில் போஜனம் கொடுத்துக்கொண்டிருக்கிற ஊழியக்காரனைத்தான் பாக்கியவான் என்றார் (மத். 24:45,46). நம் சபையில் கேன்டீனில் சமைக்கிற சகோதரிகள் இந்த வசனத்தைச் சந்தோஷமாய் எடுத்துக்கொள்ளலாம்!

பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்ற கட்டளையும் நமக்குத்தான். நாம் எல்லையில் இருக்கிற ஜனம். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழகப் பஸ்கள் எரிக்கப்பட்டு, ஜூஜூவாடியில் பஸ் நின்றபோது, ஜனங்கள் அத்திப்பள்ளியிலிருந்து மூட்டையோடு நடந்து வந்தார்கள். 2020 ஊரடங்கில் அதே எல்லையில் மறுபடியும் தடுப்பு. அப்போதெல்லாம் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசுகிற நம் ஊரில் சண்டை மூளாமல் ஜெபிப்பதும், நடந்து வருகிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பதும் வருகைக்கு ஆயத்தமாவதுதான். இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் எட்டுப் பேராய்த் தங்கியிருக்கிற பிள்ளைகள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓசூர்தான் பாபிலோன். அவர்களுடைய சமாதானத்தையும் தேடுவோம்.

அந்தச் சகோதரர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். வேலைக்குப் போகிறார். பாகலூர் ரோட்டு பிளாட்டில் போர் போட்டிருக்கிறார்; அஸ்திவாரம் போட ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார். வருகையைப் பற்றிப் பாடும்போது ஆரம்பத்தில் வாயை மூடியே நின்றார். போன மாதம் காத்திருப்புக் கூட்டத்தில், கை உயர்த்தி, கண்ணீரோடு பாடினதைப் பார்த்தேன். நான் மேடையில் நின்றுகொண்டே அழுதுவிட்டேன்.

தேவ ஜனமே, கர்த்தர் வருகிறார், அது நிச்சயம்! இன்றைக்கு வந்தாலும் ஆயத்தமாய் இருங்கள். இன்னும் எழுபது வருஷம் தாமதித்தாலும் உண்மையாய் இருங்கள். மரநுகத்தை உடைத்துக் கைதட்டு வாங்கினவனைவிட, மண்பாண்டத்தில் பத்திரத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தவரே நமக்கு மாதிரி. மாரநாதா!

குடும்ப ஜெபத்தில் சிந்திக்க:

1. கர்த்தருடைய வாக்குத்தத்தத்தில் நான் வெட்டி விட்ட ‘10-ம் வசனம்’ எது?

2. வருகையைச் சாக்காக வைத்து நான் தள்ளிப்போட்ட கடமை உண்டா? கடமையைச் சாக்காக வைத்து வருகையை மறந்தது உண்டா?

3. நான் கைபேசியில் அனுப்பின செய்தி பொய் என்று தெரிந்தபின், அனுப்பினவர்களிடம் ஒத்துக்கொண்டேனா?

ஜெபம்: பரலோக பிதாவே, உமது குமாரன் வரும் நாளை நீர் அறிந்திருக்கிறீர், அது எங்களுக்குப் போதும். எங்கள் அவசரத்தை மன்னியும். எங்கள் சோர்வையும் மன்னியும். நீர் எங்களை வைத்திருக்கிற இந்த ஊரில், இந்த வேலையில், இந்த வீட்டில் விளக்கு அணையாமல் காத்திருக்கக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஓசூர் சகோதரன்